சுவரில் காய்ந்த இடம்

ஆடி மழை விடாமல் அடித்ததில் வீட்டுச் சுவரெல்லாம் நனைந்து கறுத்திருக்க, உள்ளறைச் சுவரில் மட்டும் ஓர் இடம் வெளுத்துக் காய்ந்திருந்தது. ஜீவராஜ் கை வைத்துப் பார்த்தான். வெதுவெதுப்பாக இருந்தது.

இருக்கவே கூடாது. அந்தச் சுவருக்குள் இப்போது வயர் கிடையாது. அவனே உளியால் கொத்தி, ஒரு முழம்கூட மிச்சமில்லாமல் இழுத்தெறிந்து, சீமெந்து பூசி மூடியிருந்தான். மின்சார சபைக்காரர்கள் மீட்டரையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

தோட்ட லயத்து ஒற்றையறையிலிருந்து இந்தப் புதுவீட்டுக்கு வந்தபோது கரண்டு வேலைக்கு வந்த மேஸ்திரி பாஸ், சுவிட்சுக்கு நேர்மேலே குழாய் பதித்து வயரை இறக்கியிருக்க வேண்டும். அந்த மகராசன் வயரை மிச்சம் பிடிக்கக் குறுக்கே கொத்தி, வெறும் டேப் சுற்றிய மூட்டோடு பூசி மறைத்துவிட்டான். இவர்களுக்கு என்ன தெரியும்? மலைக் குளிரில் ஒரு சுவர் தானாகச் சூடாயிருப்பது வரமென்றே நினைத்தார்கள். மனைவி நாகலெட்சுமி அதன் ஓரத்தில் மகளின் சொக்ஸைக் காயப்போடுவாள். லோஜினி படிப்பதும் எழுதுவதும் அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான். ஒருநாள் தலைக்குக் குளித்துவிட்டு, ஈரக் கூந்தலோடு போய்ச் சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை.

"கைய எடுக்காதீங்க," என்றாள் பின்னால் நின்ற நாகலெட்சுமி. "அப்பா வந்திருக்காருன்னு புள்ளைக்குத் தெரியட்டும்."

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். அந்த வெளுப்பின் வடிவம் அப்போதுதான் கண்ணில் பட்டது. தலை. தோள். மடக்கிய முழங்கால்.

"லெட்சுமி, இந்த வீடு நமக்கு வேணாம். ஹட்டனுக்கு ஒங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவோம். இப்பவே."

"நாம போயிட்டா அவளுக்குக் குளிருமேங்க."

மகளைத்தான் காப்பாற்ற முடியவில்லை, இவளையாவது காப்பாற்ற வேண்டும். "துணிய எடுத்து வையி, த்ரீவீல் கூட்டிக்கிட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு மேட்டு ரோட்டுக்கு ஓடினான்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. த்ரீவீலை மேலே நிறுத்திவிட்டு அவன் இறங்கி வந்தபோது மூடுபனி தேயிலைச் செடிகளை ஒவ்வொரு நிரையாக விழுங்கிக்கொண்டு கூடவே இறங்கியது. பீலியில் கொட்டும் ஊற்றுத் தண்ணீரின் சத்தமும் கொழுந்து அரைக்கும் ஸ்டோரிலிருந்து வரும் தேயிலை வாடையும் வாசலோடு நின்றுபோக, வீட்டுக்குள்ளிருந்து வேறொரு வாடை வந்தது. ஈரத் தலைமுடி சூடேறும் வாடை.

மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. பை கட்டிலில் காலியாகக் கிடந்தது.

"லெட்சுமி?"

பின்கதவு உள்ளே தாழிட்டபடியே இருந்தது. முன்பாதை ஒன்றுதான். அதில்தான் அவன் வந்தான். அவள் எதிர்ப்படவில்லை.

உள்ளறை.

சுவரில் சின்ன வெளுப்பு அப்படியே இருந்தது. அதை ஒட்டி, பெரிதாக இன்னொன்று. குனிந்த தலை. அவிழ்ந்த கொண்டை. பிள்ளையைச் சுற்றி வளைத்த கை.

அவன் சுவரை அறைந்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டான். உளியைத் தேடி எடுத்து ஓங்கினான். எங்கே கொத்துவது? எந்த இடத்தில் கொத்தினாலும் அவர்கள் மேல்தானே விழும்? உளியைக் கீழே போட்டுவிட்டு வாய்விட்டு அழுதான்.

மேலே த்ரீவீல்காரன் ஹோர்ன் அடித்தான். மறுபடியும் அடித்தான்.

அவர்களுக்குப் பக்கத்தில், இன்னும் ஈரம் வழிந்துகொண்டிருந்த இடத்தில், சரியாக அவன் உயரத்துக்கு, சுவர் மெல்ல வெளுக்கத் தொடங்கியது.