இரண்டாவது ஜோடி

அந்தக் கோடை அரண்மனைக்கு நான் போனபோது கோடையே முடிந்திருந்தது. ஏரிக்கரையில் படகுகளைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். தோட்டத்து நீரூற்றில் தண்ணீர் இல்லை, சருகுதான் கிடந்தது. என் கணவர் கைப்பட எழுதிய பட்டியல் என் கைப்பையில் இருந்தது: முதலில் அரண்மனை, பிறகு படகு, கடைசியாகக் குன்றின் மேல் உள்ள கோபுரம். ஆறு வருடமாக "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று தட்டிக்கழித்தவள் நான். அவர் போய் ஏழு மாதம் ஆன பிறகுதான் எனக்கு ஒழிந்தது.

டிக்கெட் கேட்கும்போது, பழக்கதோஷம், வாய் "ரெண்டு" என்று சொல்லிவிட்டது.

உள்ளே பழைய மரத்தரை. அது தேயக் கூடாதென்று காலணியை வாங்கி வைத்துக்கொண்டு, டிக்கெட்டுக்கு ஒரு ஜோடி துணிச்செருப்பு கொடுத்தார் காவலாளி. எனக்கு இரண்டு ஜோடி.

"சார் பின்னாடி வர்றாரா?"

முன்பின் தெரியாதவரிடம் என்னத்தைச் சொல்ல? தலையாட்டி வைத்தேன். ஒன்றை மாட்டிக்கொண்டு, மற்றொன்றை வாசலுக்கு உள்ளே இருந்த பெஞ்சின் மேல் வைத்துவிட்டு நடந்தேன்.

என்னைத் தவிர ஈ காக்கை இல்லை. உணவுக்கூடத்தில் நாற்பது நாற்காலிகளுக்கும் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. படுக்கையறை முழுக்கப் பாச்சை உருண்டை வாசனை. பகல் மூன்று மணிக்கே ஜன்னல்களில் வெளிச்சம் மங்கிக் கிடந்தது. கண்ணாடிக் கூடத்தைத் தாண்டும்போது அது கேட்டது.

சரக்... சரக்...

மரத்தில் துணி உரசும் சத்தம். நான் நின்றேன். அதுவும் நின்றது.

எங்கே போனாலும் என் கணவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஓர் அறை பின்னால்தான் வருவார். ஒரு பலகை விடாமல் படிப்பார். நான் வெளிவாசலில் நின்று கத்திக்கொண்டிருப்பேன். கைத்தடிச் சத்தத்தைக் காணோமே என்று ஒரு கணம் உறுத்தியது. செத்தவருக்குக் கைத்தடி எதற்கு என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது. அவராக இருந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம். திரும்பினால் போய்விடுவாரோ என்று திரும்பவே இல்லை.

ஆறு அறைகள். ஆறிலும் கூடவே வந்தது.

மூடுவதற்கான மணி அடித்தது. முப்பத்தெட்டு வருடமாகச் சொன்னதையே சொன்னேன்.

"வாங்க, நேரமாச்சு. வீட்டுக்குப் போகலாம்."

வாசலில் காவலாளி செருப்புகளை எண்ணிக்கொண்டிருந்தார். "இன்னொரு ஜோடி எங்கம்மா?"

பெஞ்ச் காலியாக இருந்தது.

வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். கையிலிருந்த செருப்பைக் கீழே வைத்தார்.

"உள்ள யாரையாவது கூப்பிட்டீங்களா?"

"ஏன்?"

குரலைத் தாழ்த்தினார். "அந்தக் காலத்துல கோடை முடிஞ்சு எல்லாரும் கிளம்பறப்போ, ஒரு சின்ன வேலைக்காரப் பொண்ணை உள்ள விட்டுட்டுப் பூட்டிட்டாங்க. யாரும் எண்ணிப் பார்க்கல. அடுத்த கோடைக்குத்தான் திறந்தாங்க. அதனாலதான் ஜோடி எண்ணாம நாங்க சாத்தறதில்லை. உள்ள யாரையும் கூப்பிடவும் மாட்டோம்."

"கூப்பிட்டா என்ன ஆகும்?"

"தெரியாதும்மா. இதுவரைக்கும் யாரும் கூப்பிட்டதில்ல." என் தோளுக்குப் பின்னால் பார்த்தவர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். "நீங்க கிளம்புங்க."

படகுத்துறையையும் கோபுரத்தையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பேருந்தில் நிற்க இடமில்லாத கூட்டம். என் பக்கத்து இருக்கையில் மட்டும் யாரும் உட்காரவில்லை. அவர்தான், அவர்தான் என்று வழிநெடுக மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

வீட்டைத் திறந்து விளக்கைப் போட்டேன். என் காலணியைக் கழற்றிவிட்டுப் பார்த்தால், பக்கத்தில் அந்தத் துணிச்செருப்பு.

குனிந்து உள்ளே பார்த்தேன். ஈரப் பாதத்தின் தடம் பதிந்திருந்தது.

என் உள்ளங்கை அளவுதான் இருந்தது அந்தப் பாதம்.

என் கணவருக்குப் பத்தாம் நம்பர் செருப்பு. அவர் வரவில்லை. இனி வரவும் மாட்டார். நடைக் கதவைப் பிடித்துக்கொண்டு, அவர் செத்த அன்றைக்கும் அழாத அழுகையை வாய்விட்டு அழுதேன். பின்னால், ஓர் அறை தள்ளி, ஏதோ நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

செருப்பை வெளியே எறிந்துவிட்டுத் தாழ் போட்டிருக்கலாம். கை போகவில்லை. ஒருமுறை பூட்டியது போதாதா? கதவை உள்பக்கமாகச் சாத்தினேன். டீ போட்டு, கைப்பழக்கத்தில் இரண்டு தம்ளரில் ஊற்றி வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன்.

திரும்பி வந்தபோது என் தம்ளரில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

இரண்டாவது தம்ளர், கழுவித் துடைத்து, மேடையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.