கடல் வராத மூன்றாம் ஆண்டு

முந்தைய நாள் வெயிலில் உப்புநீக்கி எவ்வளவு நல்ல தண்ணீர் தந்தது, அதில் ஊருக்கு எடுத்தது போக எத்தனை பேருக்குக் குடிக்கவும் குளிக்கவும் காணும் என்ற கணக்குப்படிதான் நடையூர் சுற்றுலாப் பயணிகளை உள்ளே விடும். அந்தக் கணக்குக்குத் தாங்கெண் என்று பெயர். விடிவதற்குள் நுழைவாசல் பலகையில் ஏறிவிடும். மேகம் மூடியிருந்த நாளுக்கு மறுநாள் எவ்வளவு பெரிய கார் வந்தாலும் திரும்பிப் போக வேண்டியதுதான்.

அமலிக்கு அந்த எண்ணோடு வேலையில்லை. அவள் கரை அளவர். தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் உலர்ந்த கைத்துண்டு ஒன்று, அவ்வளவுதான் அவளுடைய கருவி. கடைசி வரிசையில் இருக்கும் தன் வீட்டிலிருந்து பலகைப் பாதையில் நடந்து, மற்ற வரிசைகளையெல்லாம் கடந்து, மணலில் இறங்குவாள். கையைத் துடைத்துக்கொண்டு, கடலுக்கு எல்லையாக நட்டிருந்த குறிக்கல்லின் மேல் உள்ளங்கையை வைப்பாள். கல் ஈரமா, காய்ந்திருக்கிறதா என்று ஊருக்குச் சொல்வாள்.

முன்பு இதை மணலுக்கடியில் புதைத்த சென்சார்கள் செய்தன. ஒரு வருடம் நண்டு ஒன்று சென்சார் இருந்த குழாய்க்குள் வளை தோண்டி ஈர மணலை அள்ளிப் போட்டுவிட்டது. கடல் வந்துவிட்டது என்று கணினி அறிவித்தது. ஒரு வரிசை முழுக்க வீட்டைப் பிரித்து மூட்டை கட்டி நகர்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அன்றிலிருந்து மனிதக் கை தொட்டுச் சொன்னால்தான் செல்லும் என்று ஆனது. அந்த நண்டின் நினைவாக வருடத்தில் ஒரு நாள் ஊரில் எல்லா வீட்டிலும் நண்டுக் குழம்பு.

அமலி கரையிலிருந்து திரும்பும்போது முதல் வரிசையில் கஸ்பார் வாசற்படியில் நின்று விருந்தினர்களுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டிருப்பான். அவளைப் பார்த்ததும் பாத்திரத்தைக் கீழே வைப்பான்.

“கடல் வந்துச்சா?”

“வரல.”

அவன் தலையசைத்துவிட்டு மறுபடி பாத்திரத்தை எடுப்பான். அவள் நடையைக் கட்டுவாள். முதல் வரிசைக்காரர்கள் கரை அளவரிடம் இதைக் கேட்பது வழக்கம்தான். ஆனால் அவன் கேட்கும் விதத்தில் என்னவோ இருந்ததால், காப்பி குடிக்கிறவர்கள் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அந்த வாரம் சேலத்திலிருந்து ஒரு பள்ளியின் பத்தாம் வகுப்பு மாணவிகள் வந்து கஸ்பாரின் வீட்டிலும் பக்கத்து வீடுகளிலும் தங்கியிருந்தார்கள். புவியியல் பாடத்தில் நகர்குடிகள் என்று ஒரு பகுதி உண்டு. அதை நேரில் பார்க்க அழைத்து வந்திருந்தார் ஆசிரியை. ஊர் எப்படி நடக்கிறது என்று அவர்கள் கேட்க, ஊர்த்தலைவி செபமாலையம்மா பலகைப் பாதையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

கடல் கரையைத் தின்னத் தொடங்கிய காலத்தில் மற்ற ஊர்கள் சுவர் கட்டின. சுவர் கட்டிய இடத்தில் நின்ற கடல், பக்கத்து ஊரில் போய் இரண்டு பங்காகத் தின்றது. நடையூர்க்காரர்கள் சுவர் கட்டவில்லை. எடை குறைந்த நார்ப்பலகையிலும் மூங்கிலிலும் கால் வைத்த வீடுகளாகக் கட்டிக்கொண்டார்கள். தண்ணீர்க்குழாயும் மின்சாரமும் தரையில் இருக்கும் பொருத்துகுழிகளில் செருகிக்கொள்வதுதான். கடலோதம் ஏறி வந்து குறிக்கல்லை நனைத்தால், முதல் வரிசை வீடுகளை ஒரே நாளில் பிரித்துத் தூக்கிக்கொண்டுபோய்க் கடைசி வரிசைக்குப் பின்னால் நிறுத்துவார்கள். ஊரே சேர்ந்து தூக்கும். இரண்டாம் வரிசை அன்று முதல் வரிசையாகிவிடும். ஏறக்குறைய வருடத்துக்கு ஒரு நகர்வு. பின்னால் கைவிடப்பட்ட உப்பளங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் கிடந்ததால் நடக்க இடத்துக்குப் பஞ்சமில்லை. கடலைப் பார்த்த வீடு எல்லோருக்கும் ஒரு முறை கிடைக்கும். அந்த முறை வரும்போது விருந்தினர்களைத் தங்கவைப்பது அவர்கள் பொறுப்பு. சமைத்துப்போடுவது இரண்டாம் வரிசையின் பொறுப்பு.

“அப்போ உங்க பக்கத்து வீடு மாறிக்கிட்டே இருக்குமா பாட்டி?” என்று ஒரு பெண் கேட்டாள்.

செபமாலையம்மா சிரித்தார். வரிசைகள் அதே ஒழுங்கில்தான் போகும். முன்வீடும் பின்வீடும் என்றைக்கும் ஒன்றுதான். ஆனால் உன் வரிசை வாலுக்குப் போய், பின்வீட்டு வரிசை தலையில் நிற்கும் அந்த ஒரு வருடம் மட்டும் இரண்டு பேருக்கும் நடுவில் மொத்த ஊரும் இருக்கும். அதைப் பிரிவாண்டு என்பார்கள். அதனால் இங்கே சண்டை போட்டவர்கள் யாரும் சமாதானம் பேசுவதில்லை. பிரிவாண்டு வந்தால் ஆறிவிடும் என்று இருந்துவிடுவார்கள். அடுத்த நகர்வில் அந்த வரிசையும் பின்னாலேயே வந்து சேரும்போது, பழைய சண்டை யாருக்கும் நினைவிருக்காது.

“எல்லாத்தையும் கடல் பாத்துக்கிடும். நமக்கு என்ன வேலை?” என்றார்.

அமலி காதில் விழாததுபோல அந்த இடத்தைக் கடந்து போனாள்.

பதினோரு வருடம் அவள் வீட்டுப் பின்வாசலும் கஸ்பார் வீட்டு முன்வாசலும் ஒரே சந்தில் இருந்தன. நடுவில் காற்றுக்கு மறைப்பாக அவன் ஒரு ஓலைத்தட்டி நிறுத்தியிருந்தான். முகம் பார்த்துப் பேச இரண்டு பேருக்கும் வராது. தட்டி நடுவில் இருந்தால் வரும். அந்தப் பக்கம் அவன் மீன் ஆய்ந்துகொண்டிருப்பான், இந்தப் பக்கம் அவள் துணி துவைப்பாள். அவன் அம்மா இறந்த மழைக்காலத்தில் அவன் பேசியதையெல்லாம் அவள் அந்தத் தட்டிக்கு இந்தப்புறம் உட்கார்ந்துதான் கேட்டாள். அவள் வரிசை தலைக்கு வந்த வருடம் அவள் வீட்டு விருந்தினர்களுக்கு அவன்தான் சமைத்தான். தட்டியின் ஓரமாகக் கிண்ணத்தை நீட்டி, உப்பு சரியா இருக்கா என்று கேட்பான். அவளை ‘நீ’ என்றோ ‘நீங்க’ என்றோ அவன் கூப்பிட்டதேயில்லை. இரண்டும் இல்லாமலே பேச்சை நடத்த அவனுக்குத் தெரியும்.

பிறகு கடல் வந்தது. அமலியின் வீடு வாலுக்குப் போனது. வீட்டைத் தூக்கிய அன்று அவன் மாசிக் கருவாட்டுச் சம்பல் ஒரு பாட்டிலில் போட்டுக் கொடுத்து, ஒரு வருசந்தானே என்றான். ஒரு வருசந்தானே என்று அவளும் நினைத்தாள். பாட்டிலைக் கழுவி வைத்திருந்தாள், அவன் வரிசை வந்ததும் திருப்பிக் கொடுக்க.

அதன் பிறகு கடல் வரவேயில்லை.

நாற்பது வருடமாக, அலையின் வேகத்தைக் குறைக்கக் கரைக்கு வெளியே சிப்பித் திட்டுகள் அடுக்கியிருந்தார்கள். கழிமுகத்தில் அலையாத்தி நட்டார்கள். அமலியும் கஸ்பாரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக் கட்டிய சிப்பி வலைகளும் அதில் உண்டு. யாரும் பெரிதாக நம்பிச் செய்யவில்லை. செய்ய வேண்டிய வேலை என்று செய்தார்கள். அது பலித்துவிட்டது. முதல் வருடம் ஓதம் கல்லுக்கு முன்னாலேயே நின்றது. இரண்டாம் வருடம் கல்லுக்கு அந்தப்புறம் அடும்புக்கொடி படர்ந்து ஊதாப் பூ விட்டது. மூன்று பருவமழை கடந்தும் கல் நனையாவிட்டால் ஊரை நிலைக்குடி என்று அறிவிக்கலாம் என்பது விதி. அதற்குப் பிறகு நகர்வு கிடையாது. நின்ற வீடு நின்ற இடத்தில்தான். தலை தலையாகவே இருக்கும், வால் வாலாகவே இருக்கும்.

தைப் பௌர்ணமி ஓதம்தான் கடைசி அளவு. அதற்கு இன்னும் சில நாட்களே இருந்தன.

அந்த ஓதத்துக்கு முந்தின நாள் மாலை டெல்பின் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே பேச்சை எடுத்தாள். அமலியின் அண்ணன் மனைவி. அண்ணன் கடற்பாசிப் பண்ணைக்குப் போனால் திரும்ப வாரக்கணக்காகும் என்பதால் வீட்டில் பெரும்பாலும் இவர்கள் இரண்டு பேர்தான்.

“வந்துச்சான்னு அவரு கேக்காரு. வரலன்னு நீ சொல்லுத. மூணு வருசமா இதே பேச்சு. கேக்குற எங்களுக்கே அலுத்துப்போச்சு பிள்ள.”

“அது என் வேலை மைனி.”

“வேலைதான். கல்லத் தொடப் போறதுக்கு எதுக்குக் கம்மல மாத்திட்டுப் போற?”

அமலியின் கை காதுக்குப் போனது. பாதி வழியில் இறக்கிக்கொண்டாள்.

டெல்பின் கீரையைத் தட்டில் தள்ளினாள். குரல் கொஞ்சம் இறங்கியது. “நாளைக்கு நனையலன்னா அவரு அங்கதான், நீ இங்கதான். யோசிச்சியா?”

அவள் வேறு எதையும் யோசிக்கவில்லை. நடந்து போனால் கால் மணி நேரம்கூட ஆகாத தூரம். ஆனால் என்ன சொல்லிக்கொண்டு போவது? ஒரு சந்தில் எதிரெதிரே இருந்தால் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டு வரிசை வாசல்களைத் தாண்டி ஒரு ஆணின் வீட்டுக்குப் போக ஒரு காரணம் வேண்டும். காலி பாட்டில் காரணமாகாது. நடையூரில் யாரும் தானாக ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்குப் போனதில்லை. கடல் கொண்டுபோய் விடும்.

மறுநாள் பொழுது வெளுக்கும்போதே முதல் வரிசைக்கு முன்னால் கூட்டம் கூடியிருந்தது. செபமாலையம்மா கஞ்சி போட்ட சேலையில் வந்திருந்தார். சேலத்துப் பெண்கள் டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். நகர்வைப் பார்க்க வந்தவர்கள் அவர்கள். கல் நனைய வேண்டும் என்று மனதுக்குள் வேண்டியிருப்பார்கள். அளக்கும்போது கல்லுக்கு அருகில் வேறு யாரும் போகக்கூடாது. அமலி தனியாக இறங்கினாள்.

அலை கல்லுக்கு வெகு அருகில் வந்து, ஒரு முழம் முன்னால் மடங்கியது. கல்லைச் சுற்றி ராவணன் மீசைப் புல் மண்டிப்போயிருந்தது. போன வருடம் இவ்வளவு இல்லை. அதை விலக்கியபோது முள்நுனி விரலில் ஏறியது. சுருக்கென்றது. இரண்டடி முன்னால் போய் அலையில் கையை அலசினாள். திரும்பி வந்து, துண்டை எடுக்க மறந்து, பழக்கத்தில் கையைக் கல்லின் மேல் வைத்துவிட்டாள்.

எடுத்தபோது கல்லில் அவளுடைய கை இருந்தது. ஐந்து விரலும் கருப்பாக, பளபளவென்று.

கல் ஈரமாக இருக்கிறது.

அவள் அசையாமல் நின்றாள். மேலே நிற்கிற யாருக்கும் எதுவும் தெரியாது. அவள் வாய்ச்சொல்தான் அளவு. ஈரம் என்று சொன்னால் அது பொய்கூட இல்லை. மதியத்துக்குள் முதல் வரிசையைப் பிரித்துவிடுவார்கள். மாலையில் அவன் வீடு அவள் வீட்டுக்குப் பின்னால் நிற்கும். ஒரே சந்து. ஓலைத்தட்டி. அடுத்த வருடம் ஊர் நடந்தால் நடக்கட்டும், நடக்காவிட்டால் போகட்டும்.

கல்லுக்கு அந்தப்புறம் அடும்புக்கொடி கடலைப் பார்த்துத் தவழ்ந்துகொண்டிருந்தது. இந்த மணல் பிடிக்க வேண்டும் என்றுதான் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை கட்டினார்கள். அன்று அவன் முனையை இழுத்துப் பிடிக்க, அவள் முடிச்சுப் போட்டாள். முடிச்சு இறுகியதும் அவன் ஒரு வார்த்தை சொல்லாமல் சிரித்தான்.

அமலி கல்லின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். மேலே கூட்டம் சலசலத்தது. என்ன ஆயிற்று என்று யாரோ கேட்பது கேட்டது. அவள் திரும்பவில்லை. வெயில் ஏறியது. முதலில் விரல்நுனிகள் மறைந்தன. பிறகு விரல்கள். உள்ளங்கைக் குழி மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. அதுவும் சுருங்கி, ஒரு நாணயமாகி, இல்லாமல் போனது. அவள் கைத்துண்டை எடுத்து, கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, மறுபடி கல்லைத் தொட்டாள். சொரசொரவென்று காய்ந்திருந்தது.

அவள் மேலே ஏறி வந்தாள். செபமாலையம்மாவிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். அதற்குள் வாசற்படியிலிருந்து அந்தக் குரல் வந்தது. இன்று அதில் காற்றே இல்லை.

“கடல் வந்துச்சா?”

“வரல,” என்றாள். வழக்கமாக அங்கேயே முடிந்துவிடும். இன்று அவள் நடையைக் கட்டவில்லை. முகம் சுட்டது. காது சுட்டது. எதிரில் தட்டி இல்லை. ஊர் முழுக்க நின்றது.

“இனிமேயும் வராது,” என்றாள். “நீங்கதான் வரணும்.”

முதலில் புரிந்தது டெல்பினுக்குத்தான். வாயைச் சேலைத்தலைப்பால் மூடிக்கொண்டாள். செபமாலையம்மா நிலைக்குடி அறிவிப்பைத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். கஸ்பார் அவளைப் பார்த்தான். காப்பிப் பாத்திரத்தைப் பார்த்தான். அதைப் பக்கத்தில் நின்ற பயணியின் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போனான். போனவன் வெளியே வரவில்லை. பாவம் பிள்ள என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

அப்போதுதான் சுத்தியல் சத்தம் கேட்டது.

அவன் வீட்டின் பின்கால் ஆப்பைத் தட்டிக் கழற்றிக்கொண்டிருந்தான்.

“கஸ்பாரு,” என்றார் செபமாலையம்மா, “யோசிச்சுச் செய்யி. இது இனி கடல பாத்த வீடு. சாகுறமட்டும் உனக்குத்தான்.”

“நல்ல காத்துதான், பெரியம்மா,” என்றான் அவன், ஆப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். “வேற யாருக்காவது குடுத்துருங்க.”

இரண்டாம் ஆப்பும் விழுந்தது. நடையூரில் அந்தச் சத்தம் கேட்டால் சும்மா நிற்க யாருக்கும் தெரியாது. ஒருவர் போய் மூங்கிலைப் பிடித்தார். இன்னொருவர் குழாயைக் கழற்றினார். கடல் சொல்லாமல் ஒரு வீடு நகர்வது அந்த ஊர் பார்த்திராத காரியம். ஆனாலும் கைகள் பழக்கப்படி வேலை செய்தன. சேலத்துப் பெண்களும் ஆளுக்கொரு பலகையைத் தூக்கிக்கொண்டார்கள். ஆசிரியை வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டுச் சுவர்கள் ஒவ்வொன்றாகப் பலகைப் பாதையில் போக, வரிசை வரிசையாக மக்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். நான்காம், ஐந்தாம் வரிசைகளில் முன்வீடும் பின்வீடுமாக இருந்துகொண்டு எட்டு வருடமாகப் பேசாத இரண்டு வீட்டுக்காரர்கள், இனி பிரிவாண்டு கிடையாது என்பதை அப்போதுதான் உணர்ந்தவர்கள்போல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வெயில் தாழ்வதற்குள் வீடு நின்றுவிட்டது. தூக்கியவர்கள் டெல்பின் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, வேண்டுமென்றே சீக்கிரமாகக் கலைந்து போனார்கள். அமலி தன் பின்வாசலுக்கு வந்தாள். எதிரே முன்வாசலில் கஸ்பார் நின்றான், சட்டையெல்லாம் மணல். கையில் பழைய ஓலைத்தட்டி. இரண்டு பேருக்கும் நடுவில் சந்து.

அவள் கழுவி வைத்திருந்த பாட்டிலை அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். எங்கே வைப்பது என்று தெரியாமல் அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

“இந்தத் தட்டிய எங்க வைக்கட்டும்?” என்றான். கொஞ்சம் பொறுத்து, “நீ சொல்லு,” என்றான்.

அவள் அதை அவன் கையிலிருந்து வாங்கினாள். நிறுத்தவில்லை. உப்பள மணல் இன்னும் காலைச் சுட்டது. தட்டியை அவன் வாசலுக்கும் தன் வாசலுக்கும் இடையே தரையில் விரித்து, ஓரத்தைக் காலால் மிதித்துப் படியவைத்தாள்.

பிறகு அதன் மேல் நடந்து போனாள்.