அத்தை முகத்தில் ஏரி மண்

“என்ன அத்தை இது, சாணியா?”

“உதைப்பேன்! கரம்பை மண்ணுடா. திருவெள்ளறைப் பக்கம் ஏரியிலேர்ந்து உங்கப்பா எடுத்துட்டு வந்தது. பூசிக் கழுவினா முகம் பளபளன்னு ஆயிடும்.”

தென்னூர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பெலிண்டா அத்தை முகம் முழுக்க மண்ணை அப்பிக்கொண்டிருந்தாள். பத்து வயது ஸ்டீபன்ராஜ் வாயைப் பிளந்து பார்த்தான்.

“அஞ்சு மணிக்கு ஸ்ரீரங்கத்து ஸ்கூல்லேர்ந்து வீடியோல இண்டர்வியூ. சயின்ஸ் சொல்லித்தர வேலை. மூணு ஸ்கூல்ல வேணாம்னுட்டாங்க. இதுவாவது கிடைக்கணும்டா. இனி காயற வரைக்கும் பேச மாட்டேன். பேசினா வெடிச்சிரும்.”

அத்தை வாயை மூடிக்கொண்டாள். ஸ்டீபனுக்கு ஆச்சரியமாக இருந்தது. வானம் ஏன் நீலம் என்று கேட்டால், சோறு ஆறிப்போகும்வரை சொல்பவள் அவள்!

நாலே முக்காலுக்கே போனில் வீடியோ அழைப்பு வந்தது. ஸ்ரீரங்கத்துப் பள்ளிதான். கழுவ நேரமில்லை. எடுக்காதே என்று அத்தை கையை ஆட்டினாள்.

“எடுக்கலன்னா வேலை போயிடுமே!” ஸ்டீபன் எடுத்துவிட்டான்.

“பெலிண்டா இருக்காங்களாப்பா? அஞ்சு மணிக்கு எனக்கு மீட்டிங் வந்துருச்சு. இப்பவே பேசிடலாம்” என்றார் தலைமை ஆசிரியை நஜ்முன்னிசா.

காய்ச்சல் என்று சொல்லச் சொல்லி அத்தை நெற்றியைத் தொட்டுக் காட்டினாள்.

ஸ்டீபனுக்குப் பொய் வரவில்லை. “இருக்காங்க மேடம். முகத்துல ஏரியைப் பூசிக்கிட்டாங்க. வாயைத் திறக்க முடியாது.”

“என்னது?”

ஸ்டீபன் போனை அத்தை பக்கம் திருப்பிக் காட்டினான்.

அத்தை துண்டை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டாள். துண்டு குலுங்கியது. அழுகிறாளோ? ஸ்டீபனுக்குத் தாங்கவில்லை. சட்டென்று ஒன்று தோன்றியது.

“அத்தை, மண்ணு காஞ்சா ஏன் வெடிக்குது?”

துண்டு அசையாமல் நின்றது. பிறகு மெதுவாக விலகியது.

“அதுவா? மண்ணுக்குள்ள தண்ணி இருக்குல்ல...”

படக்! கன்னத்தில் ஒரு வெடிப்பு.

“இதோ பாரு! தண்ணி ஆவியாப் போயிடுது. துகளெல்லாம் நெருங்கி உட்காருது. மண்ணு சுருங்குது. சுருங்கினா?”

“வெடிக்குது!”

“அதேதான். கோடையில ஏரி வெடிக்கிறதும் இப்படித்தான்.”

“அப்போ ஆத்து மணல் ஏன் வெடிக்கல?”

“நல்ல கேள்வி! மணல் பெரிசு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. களிமண் மாவு மாதிரி, ஒட்டிக்கும்.” அத்தை விரலால் நெற்றியைத் தொட்டு, மூக்கைத் தொட்டு, முகத்தையே கரும்பலகையாக்கிவிட்டாள். போனில் ஆள் இருப்பதே அவளுக்கு மறந்துபோனது.

“எனக்கும் ஒரு சந்தேகம்” என்றது போன். “சிரிச்சா முதல்ல எங்க வெடிக்கும்?”

அத்தை திடுக்கிட்டாள். அப்புறம் சிரிப்பு பொங்கிவிட்டது. வாயின் இரண்டு ஓரமும் ஒன்றாகப் பிளந்து, மண் பொலபொலவென்று மடியில் கொட்டியது.

நஜ்முன்னிசாவும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். “திங்கட்கிழமை எட்டரைக்கு வந்துடுங்க, டீச்சர்.”

போன் அணைந்த பிறகும் அத்தை எழுந்திருக்கவில்லை. கண்ணாடியை எடுத்து, வெடித்த முகத்தைப் பார்த்து, “டீச்சர்” என்று ஒரு தடவை மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.