நாற்பத்தொன்றாம் விதி

காலை ஏழு மணிக்குத் தெருவின் கூரைகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பேசும். "கூரை நலம். யாரும் ஏற வேண்டாம்." அதைக் கேட்ட பிறகுதான் தூத்துக்குடிக் கடற்கரையில் அடுப்பு பற்றும். அன்று பிளாந்தினா வீட்டுக் கூரை வேறொன்று சொன்னது. "நேற்றைய புயலில் இரண்டு தகடுகள் பெயர்ந்துள்ளன. மதிப்பீடு நாளை மறுநாள். யாரும் ஏற வேண்டாம்."

வருடத்துக்கு இருபது புயல் என்று ஆனபின் வந்த ஏற்பாடு இது. கூரையில் பதித்த சென்சார், அதாவது கூரையுணரி, சேதம் புயலால் வந்ததா, பழசாகி இற்றதா என்று பிரித்துச் சொல்லும். புயலுக்கு இன்சூரன்ஸ் உண்டு, இற்றதற்குக் கிடையாது. மனிதக் கை பட்டால் காப்பீடே ரத்து என்று ஊரெல்லாம் பேச்சு. காப்பீடில்லாத வீட்டில் குடியிருக்கவும் அனுமதியில்லை. பதினெட்டு வருடமாக யாரும் ஏறவில்லை. தெருவில் ஓர் ஏணிகூடக் கிடையாது.

பெயர்ந்த இடம் அவள் கணவர் ரெய்மண்டின் கட்டிலுக்கு நேர் மேலே. சுவரில் பதித்த மூச்சுக்கருவியால்தான் அவர் உயிர் ஓடுகிறது. சாயங்காலம் மறுபடி மழை. கருவி நனைந்தால் அவர் இல்லை.

"பொறுத்துக்கோக்கா," என்றாள் பக்கத்து வீட்டுச் சந்தனமாரி. "ஏறி, வீட்டையும் இழந்துராத."

பொறுமைக்கும் பிளாந்தினாவுக்கும் ஏழாம் பொருத்தம். எவரும் படிக்காத தொண்ணூறு பக்கப் பாலிசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உலை வைக்கவில்லை. மத்தியானம் அறுபத்து மூன்றாம் பக்கத்தில் நிமிர்ந்தாள்.

"நாப்பத்தொண்ணாம் விதியச் சொல்லு," என்று கூரையிடம் கேட்டாள்.

"சேதம் மேலும் பெருகாமல் தற்காலிகமாக மூடுவது உரிமையாளர் கடமை. மூடுமுன் படமெடுக்க வேண்டும்."

"அப்ப ஏறலாம்லா?"

"ஏறலாம். மூடாமல் விட்டதால் வரும் சேதத்துக்குக் காப்பீடு இல்லை."

"பெறவு ஏன் தெனமும் ஏற வேண்டாம்னு சொல்லுத?"

"கால் வழுக்கும் என்பதால். அது அறிவுரை, விதி அல்ல."

"இத்தன வருசமா இதச் சொல்லலியே."

"யாரும் கேட்கவில்லை."

மேசையைக் கூரையோரம் இழுத்துப் போட்டு, அதன்மேல் காலித் தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்து வைத்தாள். தோளில் தார்ப்பாயைப் போட்டுக்கொண்டு ஏறினாள். படமெடுத்தாள். ஒரு முனையைக் கட்டிவிட்டாள். மறுமுனை காற்றில் படபடத்துக் கைக்கு அகப்படவேயில்லை.

கீழே தெருவே கூடிவிட்டது. சந்தனமாரி முன்னால் வந்தாள்.

"யக்கா, காப்பீடு ரத்தாகாதா?"

"ஆகாது. மூடச் சொல்லித்தான் எழுதியிருக்கு."

சந்தனமாரி தன் வீட்டுக் கூரையைத் திரும்பிப் பார்த்தாள். போன புயலில், மதிப்பீட்டுக்காக மூன்று நாள் காத்திருந்தபோது, நனைந்து ஊறிய மேற்சுவர் விழுந்து அவள் அப்பா இறந்திருந்தார்.

"அப்ப நாங்களும் ஏறியிருக்கலாமா?"

பொய் சொல்லிவிடலாம் என்று பிளாந்தினாவுக்குத் தோன்றியது.

"ஏறியிருக்கலாம்."

சந்தனமாரி சேலையை இழுத்துச் செருகினாள். மேசைமேல் கால் வைத்து டிரம்மில் ஏறி, கூரைக்கு வந்து, அழுதுகொண்டே மறுமுனையைப் பிடித்தாள்.