துணைக்கு உட்கார்ந்தவர்

இறந்துபோன மர்டாக் கிழவரின் உடம்பைத் துடைத்துக்கொண்டிருந்த நோலீன், வலது கையின் நடுவிரலுக்கு வந்தபோது நிறுத்தினாள். விரல் அவள் தள்ளிய பக்கமெல்லாம் போனது. போகக் கூடாத பக்கத்துக்கும் போனது. அடுத்த விரலைத் தொட்டுப் பார்த்தாள், அதுவும் அப்படித்தான். தோலுக்குள் யாரோ சுள்ளிகளை ஒடித்துப் போட்டு வைத்தது மாதிரி இருந்தது. கூரைத் தகரத்தின் மேல் மத்தியானத்திலிருந்து விடாமல் மழை அடித்துக்கொண்டிருக்க, அறையில் சோப்பு வாசனையும் சமையற்கட்டிலிருந்து வந்த ஆட்டுக்கறி சூப்பின் வாசனையும் கலந்து நின்றன. ஆறு மணி கூட ஆகவில்லை, பூமியின் தென்கோடியில் குளிர்காலமான ஜூன் மாதத்து இருட்டு அதற்குள் ஜன்னலை மூடிவிட்டிருந்தது.

"மெரே, இவர் கட்டில்லேர்ந்து விழுந்தாரா?"

கட்டிலின் அந்தப் பக்கம் நின்று துண்டை மடித்துக்கொண்டிருந்த மெரே, பத்து வருஷமாக இங்கே முதியவர்களைப் பார்த்துக்கொள்பவள். "இல்லியே. காலையில திருப்பிப் படுக்க வச்சப்ப என் காதைப் புடிச்சு இழுத்தாரு. கை நல்லாத்தான் இருந்துச்சு."

"கடைசியில கூட யாரு உக்காந்திருந்தா?"

"அவர்தான். பச்சை ஸ்வெட்டர்."

"ஓ, அவரா" என்றாள் நோலீன்.

டன்பிராக் ஆஸ்பத்திரியைச் சுகாதாரத் துறையில் மேலே இருப்பவர்கள் மூடிவிட்டுப் போனபோது, ஊரே கூடி அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. முன்பக்கம் நாலைந்து படுக்கை போட்ட ஆஸ்பத்திரி, பின்பக்கம் நீளமான தாழ்வாரத்தோடு முதியோர் இல்லம். கூரையை ரக்பி கிளப்காரர்கள் போட்டார்கள், விறகைப் பண்ணைக்காரர்கள் கொண்டுவந்து கொட்டினார்கள், கேக்கும் முட்டையும் பின்வாசலில் தானாக வந்து உட்கார்ந்திருக்கும். நிர்வாகக் குழுத் தலைவர் கிரஹாம் லிண்ட்சே. தீயணைப்புப் படைத் தலைவரும் அவர்தான், கிறிஸ்துமஸ் தாத்தா வேஷமும் அவர்தான். இத்தனை பேர் தோளில் நிற்கிற கட்டடத்தை நடத்திக்கொண்டு போவது நர்ஸ் நோலீனின் வேலை. அவளுடைய அம்மா எல்ஸ்பெத்தும் இங்கேதான், தாழ்வாரத்தின் கடைசி அறையில் இருந்தாள்.

ஊர் கொடுத்ததிலேயே பெரிய கொடை விறகும் கேக்கும் அல்ல. சாகிற யாரும் இங்கே தனியாகச் சாவதில்லை. ஒருவருக்கு முடியப் போகிறது என்று தெரிந்தால், ஊரில் கை ஒழிந்த யாராவது வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். முறை வைப்பதில்லை, பேர் கேட்பதும் இல்லை. பேர் கேட்பதா? டன்பிராக்கில் ஒருவரைப் பார்த்து நீங்கள் யார் என்று கேட்பதைப் போல அவமரியாதை வேறில்லை. எல்லாருடைய அப்பாவும் எல்லாருடைய அப்பாவோடும் ஆட்டு ரோமம் வெட்டியவர்கள். முகம் பிடிபடவில்லை என்றால் சிரிக்க வேண்டும், நாய் எப்படி இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும், வேறு யாராவது பேரைச் சொல்லுகிறவரை சமாளிக்க வேண்டும். நோலீன் இந்தக் கலையில் கெட்டிக்காரி.

பச்சை ஸ்வெட்டர்க்காரர் இலையுதிர் காலத்தில் ஒரு வண்டி விறகோடு வந்தார். இறக்கி, பிளந்து, அடுக்கியும் வைத்தார். யார் என்று அவளுக்கு நினைவு வரவில்லை. "அம்மா தேவலையா?" என்று கேட்டு வைத்தாள். "அப்படியேதான் இருக்காங்க" என்றார் அவர். குருட்டாம்போக்கில் சொன்னது சரியாக விழுந்ததில் அவளுக்கு ஒரே சந்தோஷம், உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தாள். அதன்பின் வாரம் தவறாமல் வந்தார். யாருக்கு முடியவில்லை என்று கேட்பார், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். எத்தனை நேரம் வேண்டுமானாலும் உட்காருவார். மற்றவர்களுக்குப் பண்ணை வேலை இருந்தது, அதனால் அவரை எல்லாருக்கும் பிடித்துப் போயிற்று.

இப்போது மர்டாக்கின் கையை வெள்ளைத் துணிக்குள் மூடும்போது அவளுக்கு இதற்குமுன் இங்கே செத்தவர்களின் கைகள் ஞாபகம் வந்தன. ஜீன் பேட்டர்சனின் மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது. பால்காரர் ஆல்ஃபின் முழங்கை திரும்பியிருந்தது. வயசான எலும்பு, பிஸ்கட் மாதிரி, தொட்டால் உடையும் என்று நோலீனே தன் வாயால் சொல்லியிருந்தாள். அப்போது அவர்களோடு யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை, அவளுக்குத் தெரியும்.

"மெரே, அவர் யாரு?"

மெரே கண்ணைச் சிமிட்டினாள். "என்ன கேள்வி இது? உனக்குத் தெரியாதா?"

"நீ சொல்லேன்."

"கிரஹாமோட ஆளு இல்லியா? அவரோட ஆட்டு ரோமம் வெட்டற கூட்டத்துல இருந்தவர்னு நெனச்சேன். நீ அவரோட அம்மாவப் பத்தியெல்லாம் விசாரிச்சியே."

நோலீன் தாழ்வாரத்தில் இருந்த கம்பியில்லாப் போனை எடுத்தாள். கிரஹாம் ஆற்றங்கரையில் இருந்தார். மணல் மூட்டை இறக்கும் சத்தமும் தண்ணீரின் உறுமலும் அவர் குரலுக்குப் பின்னால் கேட்டன.

"பாலத்த மூடியாச்சு, நோலீன். வெளியேர்ந்து யாரும் ஊருக்குள்ள வர முடியாது. என்ன விஷயம்?"

"நம்ம பச்சை ஸ்வெட்டர்க்காரர் யாரு, கிரஹாம்?"

"கிண்டலா? உங்க சித்தப்பா வழியில யாரோதானே. உன் அப்பா முகஜாடை அப்படியே இருக்கேன்னு என் பொண்டாட்டிகிட்ட கூடச் சொன்னேன்."

"எங்களுக்கு அப்படி யாரும் இல்ல."

கிரஹாம் பக்கத்தில் இருந்தவர்களிடம் ஏதோ கேட்டார். ஒருவர் பாதிரியாரின் மச்சான் என்றார், இன்னொருவர் பழைய தபால்காரரின் மகன் என்றார். பாதிரியாருக்கு மச்சானே கிடையாது. தபால்காரர் பிள்ளை இல்லாமல் செத்தவர்.

அவள் போனை வைக்க மறந்து கையிலேயே பிடித்திருந்தாள். ஊர் முழுவதும் சேர்ந்து ஒருவனுக்குக் கதவைத் திறந்து விட்டிருக்கிறது. ஒருத்தருக்கும் அவன் யாரென்று தெரியாது. வெட்கப்பட்டுக்கொண்டு கேட்காமல் விட்டவர்களில் முதல் ஆள் அவள்.

"மெரே. அவன் இப்ப எங்க?"

மெரேயின் முகம் மெதுவாக மாறியது. "மர்டாக் போனதும் வெளிய வந்தாரு. வேற யாருக்கு முடியலன்னு கேட்டாரு. உங்கம்மாவுக்கு ராத்திரியெல்லாம் இருமல்னு சொன்னேன். பேச்சுத் துணைக்குப் போங்கன்னு... நான்தான் அனுப்பினேன்."

காலையில்தான் எல்ஸ்பெத் மகளைத் திட்டியிருந்தாள். "இது வெறும் சளிடி. இழவு வீட்டுக்கு வந்தவ மாதிரி மூஞ்சிய வச்சுக்காம போயி நல்ல டீயா ஒண்ணு போட்டுக் கொண்டா." அம்மா சாகப் போகிறவள் அல்ல. இன்னும் பத்து வருஷம் கிடந்து எல்லாரையும் படுத்தி எடுக்கக் கூடியவள்.

தாழ்வாரம் அவள் தினம் நடக்கிற தாழ்வாரம்தான். விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. உணவுக் கூடத்திலிருந்து தட்டுச் சத்தம் வந்தது, யாரோ ஒரு கிழவர் உப்பு எங்கே என்று கத்தினார், கணப்பில் விறகு வெடித்தது, அவன் பிளந்து அடுக்கிய விறகு. சுவரோரம் சக்கர நாற்காலிகளின் நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடக்க, ஈரக் கம்பளியின் வாடை, ஆற்றுச் சேற்றின் வாடை, கடைசி அறையை நெருங்க நெருங்கக் கனத்தது. அதற்குள்ளிருந்தும் விறகு வெடிக்கிற சத்தம் கேட்டது. அந்த அறையில் கணப்பு இல்லை.

கதவைத் தள்ளினாள்.

அவன் நாற்காலியில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். தலை மரியாதையாகக் குனிந்திருந்தது. அம்மாவின் வாயில் அவளுடைய சால்வையே திணிக்கப்பட்டிருந்தது. அவள் கண்கள் திறந்திருந்தன. மகளைப் பார்த்தன. இடது கை போர்வைமேல் கிடந்தது, அதில் எந்த விரலும் நேராக இல்லை. வலது கை அவன் பிடியில் இருந்தது.

"விடு அவங்கள" என்றாள் நோலீன். மறுபடி சொன்னாள்.

"இன்னும் கொஞ்ச நேரம்தான்" என்றான் அவன், நல்லவிதமாக.

பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். வேலிக்கம்பத்தை இழுத்தது போல இருந்தது. பின்னால் ஓடிவந்த மெரே அவன் முடியைப் பற்றினாள். அவன் அம்மாவின் கையை விடாமல், திரும்பிக்கூடப் பார்க்காமல், மற்றக் கையால் மெரேயின் பிடரியைப் பிடித்துக் கைகழுவும் தொட்டியில் மோதினான். பீங்கான் உடைந்தது. மறுபடி மோதினான். இந்த முறை உடைந்தது பீங்கான் இல்லை. மெரே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். அவள் மூக்கிருந்த இடத்திலிருந்து ரத்தம் சீருடையில் வழிந்தது. அதற்குப் பிறகு அவள் அசையவில்லை.

கட்டிலோரம் சின்ன ஆக்சிஜன் உருளை நின்றது. நோலீன் அதைத் தூக்கினாள். வாழ்நாளில் ஊசியைத் தவிர எதையும் மனிதர் உடம்பில் இறக்காதவள். முழுப் பலத்தோடு அவன் முகத்தில் இறக்கினாள். கன்னம் உள்ளே போனது. இன்னொரு அடி. தாடை தொங்கியது. இன்னொன்று. கண் இருந்த பக்கம் பள்ளமானது. அடித்தாள், அழுதுகொண்டே அடித்தாள், தோள் கழன்றுவிடும்போல் வலிக்கிறவரை அடித்தாள். அவள் கையெல்லாம் ரத்தம். மெரேயுடையதா, தன்னுடையதா, தெரியவில்லை. அவனுடையது ஒரு சொட்டுக்கூட இல்லை.

அம்மாவின் விரல் ஒன்று படக்கென்றது. சால்வைக்குள் அம்மா கத்தினாள்.

முன்வாசல் கதவு திறந்தது. காலடிகள். கிரஹாமின் குரல், "நோலீன், எங்கம்மா இருக்கே?" அவள் கையில் இருந்த போன் எங்கோ விழுந்து கிடந்தது, அதில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். கடவுளே, வந்துவிட்டார்கள்.

கிரஹாமும் அவருடைய ஆட்களும், சேறும் மஞ்சள் உடுப்புமாக, நெஞ்சகன்ற நல்ல மனிதர்கள், வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். மெரேயைப் பார்த்தார்கள். கட்டிலைப் பார்த்தார்கள். கிரஹாம் கையில் கோடாரி இருந்தது. அவர் ஒரு அடி உள்ளே வைத்தார்.

அவன் தலையை நிமிர்த்தினான். முகம் என்று சொல்ல அங்கே ஒன்றும் மிச்சமில்லை. அந்தப் பள்ளத்தை அவர்களுக்கு நேராகத் திருப்பிக் காத்திருந்தான்.

கிரஹாமின் கண்கள் அதில் தேடின. நோலீனுக்கு அந்தத் தேடல் தெரியும். யார், யார், எங்கே பார்த்தோம். அவர் நெற்றியில் வியர்வை கோத்தது. "வேண்டாம் கிரஹாம்" என்றாள் அவள். "தெரியாதுன்னு சொல்லுங்க. தெரியாதுன்னு சொன்னாப் போதும்."

கிரஹாம் சிரித்தார். பற்கள் தந்தியடித்தன, கன்னத்தில் கண்ணீர் ஓடியது, ஆனாலும் சிரித்தார்.

"அட, நீங்களா" என்றார். "மழையில வந்து மாட்டிக்கிட்டீங்களே. ஆட்டுக் குட்டிங்கல்லாம் சௌக்கியமா?"

"சௌக்கியம்" என்றது பள்ளம்.

பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். கிரஹாம் கோடாரியைச் சத்தமில்லாமல் சுவரில் சாய்த்து வைத்தார். எல்லாரும் தொப்பியைக் கழற்றினார்கள், சாகிறவர்களின் அறையில் கழற்றுவது போல.

"உக்காரும்மா நோலீன்" என்று ஒரு குரல் கெஞ்சியது. "அவர்தான் கூட இருக்காரே."

இரண்டு பேர் தோளைப் பிடித்து அவளைக் கட்டிலில் உட்கார வைத்தார்கள். அவர்கள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, ஆனால் பிடி தளரவில்லை. அம்மாவின் கண்கள் மகளைவிட்டு அகலவில்லை. வாசலில் ஆண்கள் தலைகுனிந்து நிற்க, அவன் தன் இன்னொரு கையை நீட்டி, நோலீனின் கையைப் பரிவோடு எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, சுண்டுவிரலைத் தேடினான்.