ஹெல்பர் கூலி

வீடு பழையது என்று தெரிந்துதான் வாங்கினோம். சுவரெல்லாம் கல் மாதிரி இருக்கிறது, இனி ஒரு செலவும் கிடையாது என்று என் வீட்டுக்காரர் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். குடிவந்த வாரத்திலேயே பின்னறையின் சுவிட்சைத் தொட்ட எங்கள் மகளுக்கு ஷாக் அடித்தது. ஒன்றாம் வகுப்புப் படிக்கிற குழந்தை. நல்லவேளை, காலில் ரப்பர் செருப்பு இருந்தது. அன்று அவளை மடியில் போட்டுக்கொண்டு நான் அழுத அழுகைக்குப் பிறகுதான் எலக்ட்ரீஷியனுக்குப் போன் போனது.

அவர் வந்து, சுவரில் ஒயரை மூடியிருந்த மரப்பட்டை ஒன்றைப் பெயர்த்து உள்ளே விரல் விட்டார். ஒயரின் மேல் சுற்றியிருந்த துணி பொடிப்பொடியாக உதிர்ந்தது. கருகிய வாடை வந்தது.

“இதுல ஒட்டுப்போட ஒண்ணும் இல்ல சார். முழுசா மாத்தணும்.”

தொகையைக் கேட்டதும் என் வீட்டுக்காரரின் முகம் தொங்கிப்போயிற்று. மருந்துக்கடையில்கூடப் பேரம் பேசுகிற மனிதர். ஒயரில் குறைக்க நான் விடவில்லை, சுவிட்சிலும் விடவில்லை. கடைசியில் அவர் கண்ணில் பட்டது ஹெல்பர் கூலி.

“ஹெல்பர் எதுக்குங்க? நான் லீவு போட்டுட்டுக் கூடவே நிக்கிறேன்.”

“இது ரெண்டு பேர் வேலை சார். நான் போர்டுல ஒவ்வொண்ணா போட்டு ‘வந்துச்சா’ன்னு கேப்பேன். ரூம்ல நிக்கிறவர் லைட்டைப் பாத்து ‘வந்துச்சு’ன்னு சொல்லணும். அந்தப் பதிலை நம்பித்தான் நான் அடுத்த ஒயர்ல கை வைப்பேன்.”

“அவ்வளவுதானே? எனக்கும் வாய் இருக்கு.”

“வாய் இருந்தா போதாது சார். நின்ன இடத்தை விட்டு நகரக் கூடாது.”

வேலை முடிகிற நாள் மதியம். மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். நான் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே இரண்டு குரல்களும் மாறி மாறிக் கேட்டன.

“வந்துச்சா சார்?”

“வந்துச்சு.”

கூடம் முடிந்தது. சமையலறை முடிந்தது. பதில் சொல்கிற குரல் அறை அறையாக நகர்ந்துகொண்டே போனது. கொஞ்சம் கரகரத்திருந்தது. தூசி தொண்டையில் இறங்கியிருக்கும், வெந்நீர் வைத்துக் கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

“கடைசி, பின்ரூம். வந்துச்சா?”

பதில் வரக் கொஞ்சம் தாமதமாயிற்று.

“வந்துட்டேன்.”

இந்த மனிதருக்கு வேலை நேரத்திலும் கிண்டல் என்று சிரித்தபடி தெருவைப் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தார்.

ஆபீஸிலிருந்து போன் வந்ததாம். பேசிக்கொண்டே தெருமுனை வரை போய்விட்டாராம்.

நான் இறங்கி ஓடினேன். எலக்ட்ரீஷியன் பின்னறை வாசலில் நின்று, உள்ளே போகாமல் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். ஹோல்டர் காலியாகத் தொங்கியது.

“இந்த ரூமுக்குப் பல்பு மாட்ட மறந்துட்டேன்க்கா,” என்றார் தணிந்த குரலில். “அப்புறம் எதைப் பாத்துப் பதில் சொன்னாங்க?”

பின்னாலேயே வந்த என் வீட்டுக்காரரும் காலி ஹோல்டரை அண்ணாந்து பார்த்தார். எலக்ட்ரீஷியன் சாமான்களை அள்ளிப் பையில் போட்டார். வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் திரும்பினார்.

“அந்த ஹெல்பர் கூலியைக் குடுத்துடுங்க சார்.”

“யாருக்கு?”

“வேலை பாத்தவங்களுக்கு. கூலி பாக்கி வெச்சா கேட்டு வருவாங்க.”

“காத்துக்கெல்லாம் கூலி குடுத்தா கட்டுப்படியாகாதுங்க,” என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். கூடச் சிரிக்க ஆள் இல்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. அவருக்குத் தெரியாமல் அந்தப் பணத்தைப் பின்னறை அலமாரித் தட்டில் வைத்துவிட்டு, அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். தினமும் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். நோட்டுகள் வைத்தபடியே இருக்கும். எடுக்க யாரும் இல்லை, எல்லாம் நம் பிரமைதான் என்று மெல்ல மெல்லத் தைரியம் வந்தது. பணத்தை எடுக்காததற்கு வேறு காரணமும் இருக்கலாம் என்று என் புத்திக்கு எட்டவில்லை.

ஒரு நாள் மழை கட்டிக்கொண்டு வந்தது. துணிகளை எடுக்க மாடிக்கு ஓடினேன். கீழே பள்ளி வேன் நிற்கும் சத்தம், கேட் திறக்கும் சத்தம்.

“அம்மா, எங்க இருக்க?”

மாடியில் இருக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் பதில் போய்விட்டது.

“இங்கதான்டா கண்ணு. பின்ரூமுக்கு வா.”

என் குரல்.

போகாதே என்று கத்தினேன். இடி அதை விழுங்கிவிட்டது. குழந்தையின் கால்கள் குதித்துக்கொண்டு உள்ளே ஓடுவது கேட்டது. படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது.

பின்னறைக் கதவு பூட்டியபடியே இருந்தது.

கதவிடுக்கில் வெளிச்சம்.

சாவி இரண்டு முறை கீழே விழுந்தது. திறந்தேன். தரையில் அவளுடைய புத்தகப் பை. தண்ணீர் பாட்டில் இன்னும் உருண்டுகொண்டிருந்தது. பல்பு இல்லாத ஹோல்டரில் மஞ்சளாக ஒரு வெளிச்சம் மெல்ல அடங்கியது. அலமாரித் தட்டில் நோட்டுகள் அப்படியே இருந்தன. கேட்டு வந்தது அந்தக் கூலியை அல்ல.

போலீஸ் வந்தது. தரையைப் பெயர்த்தார்கள், கிணற்றில் ஆளை இறக்கினார்கள், பிறகு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் புது ஒயரையெல்லாம் வெறுங்கையால் சுவரிலிருந்து பிடுங்கிப் போட்டார். விரல்களில் ரத்தம் வழிந்தது. இப்போது யாரிடமும் பேரம் பேசுவதில்லை. யாரிடமும் பேசுவதே இல்லை.

இந்த வீட்டில் இப்போது ஒரு ஒயரும் கிடையாது. ஆனாலும் வேன் வரும் நேரத்துக்கு நான் பின்னறை வாசலுக்குப் போய்விடுகிறேன். செத்துப்போன அந்தச் சுவிட்சைப் போட்டுவிட்டுக் கேட்கிறேன்.

“வந்துட்டியா கண்ணு?”

ஹோல்டரில் வெளிச்சம் ஊறுகிறது. அறை காலியாகத்தான் இருக்கிறது.

“வந்துட்டேன்மா,” என்கிறாள் என் மகள், வெகு பக்கத்திலிருந்து.

“அப்ப வெளிய வாடா.”

கொஞ்சம் தாமதித்துத்தான் பதில் வருகிறது.

“நின்ன இடத்தை விட்டு நகரக் கூடாதாம், அம்மா.”