எரியாத இடம்

தம்பி முதல் நாள் கதிர்வீச்சு அறைக்குக் கேலியோடுதான் வந்தான். "அக்கா, அடுப்புல பால வெச்சுட்டு மறந்துடுவியே, அப்படி என்னையும் மறந்துடாத."

இயந்திரத்தை இயக்கும் அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் தொண்டையில் இருந்தது அம்மாவைக் கொண்டுபோன அதே வகைக் கட்டி. அம்மாவுக்கும் இதே மேஜையில் அவள்தான் கதிர் கொடுத்தாள். கழுத்து வெந்து, "எரியுதுடி, நிறுத்தச் சொல்லு" என்று அழுதே அம்மா போய்ச் சேர்ந்தாள்.

தம்பிக்கு அந்தக் கொடுமை இருக்காது என்றார் டாக்டர். புது ஊசி வந்திருந்தது. அதிலுள்ள நானோ துகள்கள் நல்ல சதைக்குள் போய் உட்கார்ந்து, கதிர் செய்யும் கேட்டைத் தாங்கிக்கொள்ளுமாம். கட்டியை மட்டும் காப்பாற்றாதாம்.

சொன்னபடியே கழுத்து லேசாகச் சிவந்ததோடு சரி. டாக்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

கட்டிக்கு நேர் மேலே மட்டும் ஓர் இடம் சிவக்கவே இல்லை. ஐந்து விரல்களின் அச்சு. சுண்டுவிரல் கோணியிருந்தது.

அம்மாவின் சுண்டுவிரல் அப்படித்தான் இருக்கும்.

மறுநாள், தலை அசையாமலிருக்க அவன் முகத்தில் வலைமூடியைப் பூட்டினாள். அறையில் வேறு யாருமில்லை என்று சுற்றிப் பார்த்துவிட்டுக் கனத்த கதவைச் சாத்தினாள். வெளியே வந்து, கேமரா திரையைப் பார்த்தபடி கதிரைத் திறந்தாள்.

மேஜைமேல் யாரோ குனிந்திருந்தார்கள்.

நிறுத்திவிட்டு ஓடினாள். தம்பியைத் தவிர ஒருவருமில்லை. அம்மாவின் புண்ணுக்குப் போட்ட களிம்பு வாசனை மட்டும் கனமாக நின்றது.

"ஏன்க்கா நிறுத்திட்ட?" வலைக்குள்ளிருந்து முனகினான். "கழுத்துல ஜில்லுன்னு சுகமா இருந்துச்சு."

அடுத்த ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தது. மருந்து கட்டிக்குள்ளும் புகுந்துவிட்டதோ என்று டாக்டர் ஊசியை நிறுத்தினார். சுற்றியிருந்த தோல் வெந்தது. விரல் அச்சு விழுந்த அந்த இடம் மட்டும் வேகவில்லை.

ஊசியின் மேல் குற்றமில்லை என்று அக்காவுக்குத் தெரியும். எதைக் காப்பது, எதை விடுவது என்று அம்மாவுக்குத்தான் தெரியவில்லை. பிள்ளைக்கு எரியக் கூடாது, அவ்வளவுதான் அவள் கணக்கு. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

அடுத்த முறை கதிர் பாய்ந்ததும் திரையில் மறுபடி அந்த முதுகு தெரிந்தது. அக்கா அறைக்குள் பேசும் மைக்கை அழுத்தினாள்.

"அம்மா, கைய எடும்மா. அது எரிஞ்சாதான் தம்பி பொழைப்பான். உன் கால்ல விழறேன்."

உருவம் மெல்லத் தலையைத் தூக்கிக் கேமராவைப் பார்த்தது. கேட்டுவிட்டாள் என்றுதான் அக்கா நினைத்தாள்.

அம்மா தன் மறு கையையும் எடுத்து அவன் கழுத்தில் வைத்தாள்.